வதனி ஓம் சொல்லாத காலம்

வதனியிடம் ஆற்று இறால் வாங்குகிறவர்கள் அவளுடைய இலக்கத்தைப் போனில் “ஓம் வதனி” என்றுதான் பதிந்து வைத்திருந்தார்கள். கல்லடியில் வேறு வதனிகளும் இருந்தது ஒரு காரணம். மெய்யான காரணம், அவள் வாயிலிருந்து மூச்சைவிடக் கூடுதலாக வெளியே வந்தது, ஆமாம் என்பதற்கு ஊரில் சொல்கிற அந்த ஓம்தான்.

“வதனி, இறால் இருக்கா?”

“ஓம்.”

“பெரிசா?”

“ஓமோம்.”

“போன முறை மாதிரித் தலையெல்லாம் கறுத்துக் கிடக்காதே?”

“ஓங்கா, நீங்க ஒண்டுக்கும் யோசியாதீங்க.”

அவளுடைய ஓமில் பல வகை உண்டு. இழுத்துச் சொன்னால், கதையைச் சுருக்கு, தோணி வருகிறது என்று அர்த்தம். மூக்கால் சொன்னால், நீ சொல்வதில் பாதி பொய். அடுக்கி இரண்டு வந்தால், இதெல்லாம் எனக்கு எப்போதோ தெரியும். அவள் அம்மா உயிரோடு இருந்த காலத்தில், “இவள் நித்திரையிலயும் ஓம் கொட்டுறாள், கனவுல ஆர் என்னத்தக் கேக்கிறாங்களோ” என்று தலையில் அடித்துக்கொள்வாராம்.

விடிந்ததும் தோணிகள் மட்டக்களப்பு வாவிக் கரைக்கு வரும். வாவி என்பது பள்ளிக்கூடப் புத்தகத்தில். வாய்ப்பேச்சில் அது ஆறு. வதனி ஆற்று இறாலையும் நண்டையும் தெரிந்தெடுத்து, ரெஜிபோம் என்கிற வெள்ளைத் தக்கைப் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்கி, ஸ்கூட்டியின் பின்னால் கட்டுவாள். பாலத்தைக் கடந்து டவுனுக்கு ஒரு ஓட்டம், இந்தப் பக்கம் காத்தான்குடிக்கு ஒரு ஓட்டம். கேட்டவர் வாசலில் கேட்டது போய்ச் சேரும். முழு வியாபாரமும் போனில்தான். அப்படியென்றால் முழு வியாபாரமும் ஓமில்தான்.

வியாபாரத்தோடு நின்றிருந்தால் சோலி இல்லை. அப்பா போன பிறகு, தங்கச்சிக்கு நல்ல இடம் வந்திருக்கிறது, அவளுக்கு முதலில் முடிப்போமா என்று கேட்டார்கள். ஓம் என்றாள். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து பெண் வீட்டில் இருப்பார். அந்த வீட்டைத் தங்கச்சிக்கே எழுதட்டுமா என்றார்கள். அதற்கும் ஓம். தம்பி நிலோஜனின் படிப்புக்கு ஓம், அவன் கலியாணத்துக்கு ஓம், அவன் பிள்ளைக்குச் சுகமில்லாதபோது கூட இருக்கவும் ஓம். நடுவில் இறாலை விற்று விற்றுத் தனக்கென்று இரண்டு அறையில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டாள். அதற்கு மட்டும் அவள் யாரிடமும் கேட்கவில்லை, யாரும் அவளிடமும் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஓம் சொல்கிறவளிடம், உனக்கு என்ன வேணும் என்று கேட்க ஒருவருக்கும் நினைவு வராது. அப்படியே அவளுக்கு நாற்பதும் தாண்டிவிட்டது. இதை நினைத்தால் கோபம் வரும். அவளுக்கு வரவில்லை, அதுதான் இன்னும் கோபம்.

ஆனால் வதனிக்கும் ஒரு ஆசை இருந்தது. அதன் பெயர் சதீசன்.

சதீசன் கதிரவெளிக்காரன். அங்கிருந்து சின்ன லொறியில் கடல்மீன் ஏற்றி, வழியில் வாழைச்சேனையில் ஐஸும் ஏற்றிக்கொண்டு காலையில் வந்து சேருவான். கல்லடிக் கரையில் ஐஸைக் கொடுத்துவிட்டு டவுன் சந்தைக்குப் போவான். ஆளுக்கு முகத்துக்கு நேரே வாய் வராது. தலையாட்டுவான், சிரிப்பதற்கு முதல் திரும்பிக்கொள்வான். போனிலும் தினமும் ஒரே வசனம்தான்.

“ஐஸ் வருது.”

“ஓம்.”

இதுதான் அவர்கள் வருடக்கணக்காகப் பேசிய பேச்சு. ஆனால் மற்றவர்களுடைய பெட்டிக்குள் ஐஸ் கட்டி கட்டியாக விழும். வதனியின் பெட்டிக்கு மட்டும் அவன் குந்தியிருந்து, சாக்கில் சுற்றி அடித்து, துருவிய தேங்காய்போல ஆக்கித்தான் போடுவான். இறால் பழுதாகாமல் இருக்க அப்படித்தான் போடவேண்டும் என்று வதனி எல்லாருக்கும் விளக்கம் சொன்னாள். அது இறாலுக்காக இல்லை என்பது கரையில் கிடந்த நண்டுக்கும் தெரியும். சரி, அவன்தான் அப்படி. இறால் விற்கப் போகிறவளுக்குக் காலையில் எதற்கு முகத்துக்குப் பவுடர்?

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இந்த வாயில்லாத சதீசன்தான் கதிரவெளிக் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கிக்குப் பொறுப்பு. முகம் பார்க்கத் தேவையில்லாமல் கையில் ஒரு மைக்கைக் கொடுத்துவிட்டால் ஆள் வேறு. “அன்பார்ந்த பக்த அடியார்களே, தங்கள் காலணிகளைத் தாங்களே பாதுகாத்துக்கொள்ளுமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறோம்” என்று அவன் சொல்கிறபோது வாய்க்குள் தேன் இருப்பதுபோல இருக்கும். கல்லடியில் ஒருவருக்கும் இது தெரியாது. வதனிக்கும் தெரியாது.

கள்ளன் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, போன் வழியாக.

“வணக்கம். நான் பேசுவது தங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறதா?”

“ஓம் ஓம், கேக்குது. சொல்லுங்க.”

“இந்த இலக்கத்தின் உரிமையாளர் தாங்கள்தானா?”

“ஓம்.”

“மிக்க நன்றி.”

வைத்துவிட்டான். இறாலும் கேட்கவில்லை, நண்டும் கேட்கவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டு வதனி காத்தான்குடிக்குப் போனாள். அங்கே அவளுடைய பழைய வாடிக்கை அஸீமா ராத்தா, துணிக்கடைக்காரர் மனைவி, வாசலிலேயே போனும் கையுமாக நின்றார்.

“இதக் கேட்டியா புள்ள?” என்று வட்ஸப்பில் வந்த ஒரு குரலைப் போட்டுக் காட்டினார். யாரோ ஒருவர் மரணச் செய்தி வாசிக்கிற குரலில் எச்சரித்தார்: கள்ளர்கள் புதிதாகக் கிளம்பியிருக்கிறார்கள், இலக்கணத் தமிழில் கதைப்பார்கள், கேட்கிறதா என்று கேட்பார்கள், நீங்கள் ஓம் என்றால் அந்த ஓமைப் பதிந்து உங்கள் சம்மதம் என்று காட்டி எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிடுவார்கள்.

வதனியின் கையிலிருந்த இறால் பை வாசலில் விழுந்தது.

“அல்லாஹ்வே! சொல்லிட்டியா?”

“ஓம்.”

“இப்பவும் ஓம் எண்டுறாயே!”

“ஓம் ராத்தா, வாயில தன்பாட்டில வருது…”

“வாயப் பொத்து புள்ள!”

பொத்திக்கொண்டே வதனி வங்கிக்கு ஓடினாள். அங்கே இருந்த பிள்ளை கணக்கைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “அக்கா, ஓம் எண்டதுக்கு மட்டும் காசு போகாது. போனுக்கு வாற ரகசிய இலக்கத்த ஆரும் கேட்டாச் சொல்லிராதீங்க. உங்கட காசு அப்பிடியே கிடக்கு.” வேறு யாராவது என்றால் அதோடு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். வதனிக்கு அந்த “மட்டும்” தொண்டையில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அம்மன் மேல் ஆணையாக இனிப் போனில் ஓம் சொல்வதில்லை என்று வங்கி வாசலிலேயே சத்தியம் செய்துவிட்டாள்.

குரல்பதிவு அதற்குள் கல்லடி முழுக்கப் போய்விட்டது. அதிகம் கலங்கியவர் தோணிக்கார வல்லிபுரம். அவர் ஆயுள் முழுக்கப் போனை “ஓம் முருகா” என்றுதான் எடுப்பார்.

“வதனி, நான் சொல்லுறது சாமிட ஓம். அதையும் கள்ளன் எடுப்பானா?”

“முருகனக் கழட்டி வெச்சிட்டு ஓம மட்டும் எடுப்பானாம் அண்ணன்.”

“அப்ப முருகா ஓம் எண்டா?”

“அது அவனுக்கு இன்னும் வசதி. நுனியில வெட்டினாக் காணும்.”

வல்லிபுரம் அன்றிரவு நன்றாக யோசித்து, காலையில் இருந்து போனை “அரோகரா!” என்று எடுக்கத் தொடங்கினார். கட்டாரிலிருந்து கூப்பிட்ட அவர் மகள், அப்பாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று அங்கேயே குழறி அழுதாளாம்.

வதனியின் பாடு அதைவிட மோசம். ஓமை எடுத்துவிட்டால் வாய்க்குள் பெரிய பள்ளம். “இறால் இருக்கா?” “இருக்கு.” “பெரிசா?” “பெரிசு.” “கொண்டு வருவியா?” “பின்ன?” சதீசனின் “ஐஸ் வருது”க்கும் “வரட்டும்”தான். வாடிக்கையாளர்கள் பயந்து போனார்கள். தாங்கள் என்ன பிழை விட்டோம் என்று டவுனில் சிலர் ஆள் விட்டு விசாரித்தார்கள்.

பிறகு ஒரு நாள் தம்பி கூப்பிட்டான்.

“அக்கா, ஸ்கூட்டிய நாளைக்கு எடுக்கட்டா?”

எப்போதும் கேட்பதுதான். எப்போதும் ஓம்தான், அவன் எடுத்துக்கொண்டு போவான், வதனி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பாலம் கடப்பாள். இப்போது அந்த ஓம் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. சத்தியம் வெளியே விடவில்லை.

“அக்கா? லைன்ல இருக்கியா?”

“இருக்கன்.”

“அப்ப எடுக்கட்டா?”

ஓமுக்குப் பதிலாக வாயில் வேறு ஒன்றும் அகப்படவில்லை. ஓரமாகத் தூசி பிடித்துக் கிடந்த ஒரு சொல்தான் கைக்கு வந்தது.

“ஒண்ணா.”

முடியாது என்பதற்கு மட்டக்களப்பில் இந்த ஒரு சொல் போதும். சொன்னால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டதுபோல. இரண்டு பேருமே திகைத்துப் போனார்கள். வானம் இடிந்து விழும் என்று வதனி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். விழவில்லை.

“சரி அக்கா, நான் பஸ்ஸில போறன்,” என்றான் நிலோஜன்.

பஸ் என்று ஒன்று ஓடுவது அவனுக்கு முதலே தெரிந்திருக்கிறது! வதனி போனை வைத்துவிட்டுச் சிரித்தாள். நின்று சிரித்தாள், பிறகு இருந்தும் சிரித்தாள். அன்று முழுக்க, நண்டு கையைக் கடித்தபோதுகூடச் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. டவுனில் ஒரு டொக்டர் மனைவி எப்போதும்போல, இறாலை உரித்துத் துப்புரவாக்கிக் கொண்டுவரச் சொன்னாள். ஒண்ணா. “அப்ப நானே உரிக்கிறன்,” என்றாள் அவள், ஒரு மறுப்பும் இல்லாமல். மாதர் சங்கத்தில் கூட்டம் முடிந்தபின் கதிரை அடுக்கச் சொன்னார்கள். ஒண்ணா. கதிரைகள் எப்படியோ அடுக்கப்பட்டன. இவ்வளவு காலமும் இந்த ஊர் தன்னால் ஓடக்கூடிய ஊராகத்தான் இருந்திருக்கிறது, தன்னிடம் சொல்லாமல் மறைத்திருக்கிறார்கள் என்று வதனிக்கு விளங்கியது. ஸ்கூட்டியில் பாலத்தில் போகும்போது பாட்டு வந்தது. யாருக்கும் தெரியாத பாட்டு, அவளே கட்டிய பாட்டு, ஒண்ணா ஒண்ணா என்று மட்டும் வரும்.

கள்ளர்களும் விடவில்லை. ஒருமுறை ஓம் சொன்ன இலக்கமல்லவா, திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். வெயில் ஏறி, சதீசனின் லொறி சந்தைக்குப் போன பிறகுதான் அவர்களுடைய கூப்பாடு தொடங்கும். வதனி அதை ஒரு விளையாட்டாக்கிக்கொண்டாள்.

“வணக்கம். நான் பேசுவது கேட்கிறதா?”

“கேக்கல்ல.”

“கேட்கவில்லையா?”

“கொஞ்சமும் கேக்கல்ல.”

“அப்படியானால் எப்படிப் பதில் சொல்கிறீர்கள்?”

“எதுக்கு?”

“நான் கேட்டதற்கு.”

“நீங்க கேட்டதே எனக்குக் கேக்கல்லையே மனே.”

இன்னொருவன், தங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்றான். “விழுந்திட்டா? ஐயோ, அடிகிடி பட்டிச்சா?” என்று வதனி அக்கறையோடு விசாரித்தாள். வேறொருவன் தாங்கள் பெண்தானே என்று உறுதி கேட்டான். “திருப்பி வயித்தப் பாத்தாத்தான் தெரியும்,” என்றாள். அவள் கையில் அப்போது ஆணா பெண்ணா என்று பார்க்க எடுத்த நண்டு இருந்தது அவனுக்கு எப்படித் தெரியும்? பாவம், அவனே பயந்து வைத்துவிட்டான்.

இந்தக் கூத்தைக் கேட்கக் கரையில் ஆள் கூடத் தொடங்கியது. போன் அடித்ததும் வல்லிபுரம் வலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார். “ஸ்பீக்கர்ல போடு, ஸ்பீக்கர்ல போடு!” வதனிக்குத் தலைக்குள் கொஞ்சம் காற்று ஏறியதும் உண்மைதான். கைதட்டல் யாரைத்தான் விட்டது?

அந்த நேரம் பார்த்துக் கதிரவெளியில் சதீசனின் போன் கடலுக்குள் விழுந்தது. அங்கே நடந்தது வதனிக்குப் பிறகுதான் தெரியவந்தது. போன் இல்லாமல், “ஐஸ் வருது” என்று சொல்ல வழியில்லாமல், அவன் வீட்டுக்கும் கடலுக்கும் நடையாய் நடந்திருக்கிறான். அக்கா புஸ்பம் பார்த்துப் பார்த்துப் பொறுமை இழந்துவிட்டாள்.

“எவ்வளவு காலம்டா ஐஸ உடைச்சுக்கொண்டு திரிவாய்? போய்க் கேளன்.”

“முகத்தப் பாத்தா நாக்கு எழும்புதில்ல அக்கா.”

“முகத்தப் பாக்காமக் கேள். இந்தா என்ட போன், கோயில் மைக் எண்டு நினைச்சுக்கொள்.”

முகம் பார்க்கத் தேவையில்லாமல் கையில் ஒன்று கிடைத்ததும் சதீசன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

கல்லடிக் கரையில் வதனியின் போன் அடித்தது. தெரியாத இலக்கம். வல்லிபுரம் ஓடி வந்தார். நாலைந்து பேர் சுற்றி வந்து குந்தினார்கள். வதனி ஸ்பீக்கரைப் போட்டாள். காற்றிரைச்சலுக்கு நடுவில் ஒரு கம்பீரமான குரல் எழுந்தது.

“வணக்கம். தாங்கள் கல்லடியைச் சேர்ந்த வதனி அவர்கள்தானே?”

“இருக்கலாம்.”

“எனது குரல் தங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறதா?”

வல்லிபுரம் சிரிப்பை அடக்கத் துவாயை வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

“குரல் கேக்குது. ஆள்தான் ஆரெண்டு விளங்கல்ல.”

“நான் யார் என்பதை இறுதியில் அறியத்தருவேன். அதற்கு முன்பாக ஒன்று. தங்கள் இல்லத்தில் ஒருவர் வந்து தங்க இடமுண்டா?”

“பாத்தீங்களா, காசு காணாதெண்டு இப்ப வீட்டையும் கேக்கான்!” என்றாள் வதனி கூட்டத்தைப் பார்த்து.

“மன்னிக்கவும்?”

“உங்களுக்கில்ல மனே, நீங்க சொல்லுங்க.”

“நீண்ட காலமாகத் தங்களிடம் கேட்க எண்ணியிருந்தேன். அதிகம் வேண்டாம். தாங்கள் ஓம் என்று ஒரேயொரு சொல் சொன்னால் போதும், எனது வாழ்க்கை…”

“வந்திட்டார்! ஓமுக்கு வந்திட்டார்!” வதனி எழுந்தே நின்றுவிட்டாள். “டேய் கள்ளா! ஓமுக்கா அலையிறாய்? உனக்கு ஓம் இல்ல, ஓமத்தண்ணிகூடக் கிடையாது! உன்னப்போல எத்தினை பேர இந்தக் கரையில உரிச்சுக் காயப் போட்டவள் நான் தெரியுமா? என்ட வீட்டில இடம் வேணுமாம் இடம்! கோழிக்கூட்டில இருக்கு, வாறியா? வெக்கம் ரோசம் இருந்தா நேரில வா, ஐஸ் பெட்டிக்குள்ள அடைச்சு அனுப்புறன்!”

கரை சிரித்து உருண்டது. போனில் காற்று மட்டும் கேட்டது. பிறகு மிகச் சின்னக் குரலில், “விளங்கிச்சு,” என்று ஒரு சொல் வந்தது. அத்தோடு வைத்துவிட்டான்.

எல்லாரும் கைதட்டினார்கள். வதனியும் குனிந்து வணக்கம் வைத்தாள். ஆனால் அந்தக் கடைசிச் சொல் அவளை என்னவோ செய்தது. இலக்கணத்தில் வந்த கள்ளன் எதற்கு வீட்டுப் பேச்சில் போனான்? நண்டுக்கு ஆள் காத்துக்கொண்டிருந்ததால் அதை அவள் மேலும் யோசிக்கவில்லை.

அடுத்த நாள் ஐஸ் வரவில்லை. அதற்கடுத்த நாள் வேறு யாரோ ஒரு லொறிக்காரன் வந்தான். கட்டி கட்டியாக அள்ளிப் போட்டுவிட்டுப் போனான். வதனி பவுடர் பூசிய முகத்தோடு பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சதீசனுக்குக் கூப்பிட்டால் போன் வேலை செய்யவில்லை. சுகமில்லையோ, லொறி எங்கேயும் விழுந்துவிட்டதோ, வேறு யாருக்கும் ஐஸ் உடைக்கப் போய்விட்டானோ? கடைசி நினைப்பில் ஒரு ஐஸ் கட்டியைத் தூக்கி ஆற்றுக்குள் எறிந்தாள். ஒண்ணாப் பாட்டும் நின்றுபோனது.

அப்படி இருக்கும்போது அந்தக் கள்ளனின் இலக்கம் மறுபடி அடித்தது. நல்ல நேரத்துக்கு வந்தாய் என்று வதனி போனை எடுத்தாள்.

“இஞ்ச பாரு கள்ளா…”

“ஆரடி கள்ளன்?” என்றது ஒரு பெண் குரல். அதில் இலக்கணம் மருந்துக்கும் இல்லை. “நான் கதிரவெளிப் புஸ்பம். சதீசன்ட அக்கா. என்ட தம்பி அவன்ட சீவியத்தில ஒரே ஒரு பொம்புளையிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டான். விருப்பமில்லாட்டி ஒண்ணா எண்டு சொல்லுறது. கள்ளன் எண்டு ஏசி, கோழிக்கூட்டில கிட எண்டு சொல்லி, ஊரக் கூட்டி வெச்சுச் சிரிக்கிறதா? அவன் சோறு தின்னுறானில்ல. இனி லொறிய மூதூர்ப் பக்கம்தான் ஓடுவானாம், மட்டக்களப்பு றோட்டில கால் வைக்க மாட்டானாம்.”

வதனி அப்படியே மணலில் குந்திவிட்டாள்.

“அக்கா… அவரா? அவர் இலக்கணமாக் கதைச்சாரே!”

“பின்ன? உன்னட்ட இதக் கேக்கிறதுக்கு மீன் விக்கிற தமிழிலயா கேக்கிறது? ஒரு மரியாத இல்லையா?”

வதனிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அந்த மனிசன் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல தமிழை எடுத்து உடுத்திக்கொண்டு வந்திருக்கிறான். அவள் அதைக் கள்ளனின் உடுப்பு என்று நினைத்துக் கிழித்துவிட்டாள். வாழ்நாள் முழுக்கக் கேட்டவன் கேட்காதவன் எல்லாருக்கும் வாரிக் கொடுத்த ஓமை, கொடுக்க ஆசைப்பட்ட ஒருவனுக்கு மட்டும் கொடுக்காமல் விட்டாளே!

“அவரிட்டப் போனக் குடுங்க அக்கா.”

“அவன் போனத் தொட மாட்டானாம். தொட்டாச் சுடுதாம்.”

வதனி ஹெல்மட்டை எடுத்தாள். ஸ்கூட்டியை முறுக்கும்போது போன் அடித்தது, அஸீமா ராத்தா.

“எங்க புள்ள என்ட இறால்?”

“இண்டைக்கு ஒண்ணா ராத்தா.”

“அப்பிடி என்ன சோலி?”

“ஓம் சொல்லப் போறன்.”

“அல்லாஹ்வே! போன்லயா?”

“இல்ல, நேரில. அந்த ஐஸ்காரருக்கு.”

“அப்ப இன்னும் ஏன் நிக்கிறாய்? ஓடு! பெற்றோல் இருக்கா?” என்று அஸீமா ராத்தா கத்தினார்.

ஏறாவூர் போனது, வாழைச்சேனை போனது, ஓட்டமாவடிப் பாலம் போனது. வதனி ஹெல்மட்டுக்குள் ஓம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். பழக்கம் விட்டுப்போய் முதல் ஓம் இருமலாக வந்தது. பிறகு சரிப்பட்டு வந்தது. உரத்து ஒன்று, மெல்ல ஒன்று, வெட்கத்தோடு ஒன்று, மன்னிப்போடு ஒன்று. பனிச்சங்கேணியில் வீதியோரம் மாடு பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், ஓம் ஓம் என்று போகிற பெண்ணைக் கண்டு, யாரோ பெரிய பக்தை என்று இரண்டு கையையும் கூப்பினார்.

கதிரவெளியில் கடற்கரையோடு வீடு. சதீசன் ஏற்கெனவே பளபளவென்று இருந்த லொறியை மறுபடி கழுவிக்கொண்டிருந்தான். வாசலில் புஸ்பம் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“வாங்க கோழிக்கூட்டுக்காரி,” என்றாள்.

சதீசன் திரும்பினான். வாளி கையிலிருந்து விழுந்து உருண்டது. வதனி வழியெல்லாம் சொல்லிப் பார்த்த ஓம்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

“அது நீங்க எண்டு தெரியா,” என்றாள்.

அவன் தலையாட்டினான்.

“ஐஸ் கட்டியா வருது,” என்றாள்.

அதற்கும் தலையாட்டினான். கண் மட்டும் கலங்கிப் போயிருந்தது.

“நல்ல சோடி,” என்றாள் புஸ்பம். “ரெண்டும் ஊமையா நிண்டாக் கடல்தான் கலியாணம் பேச வேணும்.” தன் போனில் எதையோ அழுத்தி அவன் கையில் வைத்து, அவனை லொறிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டாள்.

வதனியின் பையில் போன் அடித்தது.

“வணக்கம்,” என்றது அந்தக் கம்பீரக் குரல், கொஞ்சம் நடுங்கிக்கொண்டு. “தாங்கள்…”

“அது வேணாம்,” என்றாள் வதனி. “அந்தத் தமிழ எனக்குக் கள்ளனுகள் பழுதாக்கிப் போட்டானுகள். நாளைக்கு ஆசையாக் கேப்பன், அப்ப கதைங்க. இப்ப ஐஸ் வருது எண்டு சொல்லுவீங்களே, அந்த வாயால கேளுங்க.”

மூச்சு வாங்குகிற சத்தம் போனிலும் கேட்டது, லொறிக்கு மேலாலும் கேட்டது.

“வதனி… கேக்குதா?”

“ஓம்.”

“நான் கல்லடிக்கு வரட்டா? ஐஸோட இல்ல. ஐஸும் கொண்டு வருவன். ஆனா… உங்கட வீட்டில இருக்க. உங்களோட.”

“ஓம்.”

“என்ன? காத்து அடிக்குது, கேக்கல்ல.”

“ஓம் எண்டன்! ஓம், ஓம், ஓம்!”

கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். லொறிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சதீசன் பயந்து பயந்து கேட்டான்.

“வதனி, நீங்க எல்லாருக்கும் ஓம் சொல்லுற ஆள். இது… வாய்ப்பழக்கத்தில வந்த ஓம் இல்லத்தானே?”

வதனி லொறியைச் சுற்றிக்கொண்டு போனாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவனுக்கு முன்னால் போய் நின்று, அவன் முகத்தைப் பார்த்தாள்.

“ரெக்கோட் பண்ணி வெச்சுக்கொள்ளுங்க,” என்றாள். “இது நானாச் சொன்னது.”